உத்தரவு என்றால் விடை

“மேலிடத்து உத்தரவு.”

இந்த இரண்டு சொற்களையும் ஒருமுறையேனும் கேளாது இலங்கையில் வாழ்ந்த தமிழ்மகன் ஒருவன் உளன் என்று எவரேனும் கூறுவாராயின் அதனை நாம் நம்பமாட்டோம். கச்சேரிப் படியேறிய கமக்காரன் கேட்டிருக்கின்றான். ஓய்வூதியப் பத்திரங்களைக் கையிலேந்தி வெள்ளவத்தையிலிருந்து பஸ் ஏறிச் சென்ற முதியவர் கேட்டிருக்கின்றார். கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கியிருந்த இளைஞன், கதவு தட்டப்பட்ட அதிகாலையில் கேட்டிருக்கின்றான். “ஏன்?” என்பதே மூவரும் கேட்ட கேள்வி. மூவருக்கும் கிடைத்தது ஒரே மறுமொழி. அதற்கப்பால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. சுவரில் எறிந்த பந்தாவது திரும்பி வரும். இங்கே எறிந்த கேள்வி திரும்புவதில்லை.

இந்த உத்தரவு என்னும் சொல்லைச் சற்று ஆராய விரும்புகின்றோம். சொல்லாராய்ச்சி புலவர்க்குரியதன்றோ, அரசியற் பத்திரிகைக்கு அது எதற்கு என்று வினவும் வாசகர் சிறிது பொறுத்தருள்க. 1956ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தமிழ் பேசும் மக்கள் இழந்தவற்றுள் பெரும்பாலானவை துப்பாக்கியால் மட்டும் பறிக்கப்பட்டவையல்ல. சட்டத்தில் ஒரு சொல், சுற்றுநிருபத்தில் ஒரு வரி, வர்த்தமானியில் ஒரு பந்தி இவற்றாற் பறிபோனவை அவை. சொல்லை அவர்கள் அவ்வளவு கவனமாகக் கையாளும்போது நாம் மட்டும் கவனியாதிருப்பது எங்ஙனம் பொருந்தும்?

உத்தரம் என்னும் வடசொல்லுக்குரிய பொருள்களுள் விடை என்பது ஒன்று. அதன் வழிவந்ததே உத்தரவு. கட்டளை, அனுமதி, மறுமொழி என்னும் மூன்று பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. இவற்றுள் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றிரண்டையும் மறந்துவிட்டோம். பெரியோரிடத்திலிருந்து புறப்படும்போது “உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்” என்று முன்னோர் கூறினர். அங்கே உத்தரவு என்பது அனுமதி. தனித்தமிழிலே விடை என்னும் சொல்லும் இவ்வாறே நடக்கக் காண்கின்றோம். வினாவுக்குத் தருவதும் விடை. செல்வோருக்குக் கொடுப்பதும் விடை. கேட்பவன் ஒருவன் உண்டு, அவன் கேட்டபின்னரே கொடுப்பவன் வாய் திறக்கின்றான் என்னும் கருத்து இவ்விரு சொல்லிலும் பொதிந்து கிடக்கின்றது.

கொங்கு நாட்டிலே சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்றொன்று உண்டு. அடியார் ஒருவர் தம் கனவில் ஒரு பொருள் தோன்றியதென்று வந்து சொல்வார். உடனே அதனைப் பெட்டியில் வைத்துவிடமாட்டார்கள். சந்நிதியிலே பூப்போட்டுக் கேட்பார்கள். உத்தரவு கிடைத்த பின்னரே பொருள் பெட்டிக்குள் போகும். இதனை நம்புவார் நம்புக, நம்பாதார் விடுக. நாம் கவனிப்பது சொல்வழக்கை மட்டுமே. ஆண்டவனிடத்திலும் கேட்டுப் பெறுவதற்கே உத்தரவு என்று பெயர். கேளாமல் வருவதும், கேட்டாற் பேசாதிருப்பதும் எமது கந்தோர்களில் மட்டுமே உத்தரவு என்னும் பெயரைப் பெற்றிருக்கின்றன.

இன்னும் பாருங்கள். உத்தரவாதம் என்னும் சொல்லும் அதே வேரிற் கிளைத்தது. உத்தரவாதி என்றால் பொறுப்புச் சொல்ல வேண்டியவன். கேட்டால் விடையிறுக்கக் கடமைப்பட்டவன். உத்தரவு பிறப்பிப்பவன் உத்தரவாதியாகவும் இருத்தல் வேண்டும் என்பதை மொழியே சொல்லாமற் சொல்லுகின்றது. எமது ஆட்சியாளரோ உத்தரவைத் தாம் வைத்துக்கொண்டு உத்தரவாதத்தை எமது தலைவர்களிடம் தேர்தற் காலத்துக்குப் பயன்படட்டும் என்று கொடுத்துவிட்டனர். அவர்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனை ஊர்தோறும் வழங்கி வருகின்றனர்.

ஆணை என்றால் கட்டளை மட்டுமன்று, சத்தியமும் ஆகும். “என்மேல் ஆணை” என்கின்றோமல்லவா? ஆணையிடுபவனையும் அது கட்டும். கட்டளை என்பதும் அப்படியே. செங்கல் அறுக்கும் அச்சுக்குக் கட்டளை என்று பெயர். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல் கட்டளைக்கல். அளவுக்கு அடங்காத கட்டளை கட்டளையாகாது. தமிழ் மக்கள் அரச கட்டளைக்கு வைத்த பெயர்களிலெல்லாம் ஓர் எல்லை இருந்தது.

சிங்கள மொழியிலே ‘உத்தரய’ என்பது இன்றும் விடை என்றே பொருள்படுகின்றது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வினாவைக் கொடுத்து மாணவனிடம் கேட்பது உத்தரய. கட்டளைக்கு அவர்கள் ‘நியோகய’ என்னும் வேறு சொல்லை வைத்திருக்கின்றனர். ஒரே வேர்ச்சொல் அவர்களுக்கு விடையாகவும் எங்களுக்குக் கட்டளையாகவும் வந்து நின்றது மொழிவரலாற்றில் நேர்ந்த ஒரு தற்செயல். சிங்கள மக்களைக் குறைகூற அதில் எதுவுமில்லை. ஆனால் அந்தத் தற்செயலை இந்நாட்டின் ஆட்சி மெய்ப்பித்துக் காட்டியது என்பதே எமது குற்றச்சாட்டு.

உத்தரம் என்பதற்கு வடக்கு என்னும் பொருளும் உண்டு. இதனை எழுதும்போது எமக்கு 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் நினைவுக்கு வருகின்றது. அன்று விடியும் முன்னே கொழும்பிலே தமிழர் தங்கியிருந்த விடுதிகளுக்குப் பொலிசார் வந்தனர். கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை என்று விடுதி விடுதியாகச் சென்று, கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லாதவர்கள் என்று தாம் கருதியவர்களை பஸ்களில் ஏற்றினர். உத்தியோகக் கணக்கின்படி 376 பேர். ஆண்களும் பெண்களும் முதியோரும். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாடு செல்லக் கடவுச்சீட்டுக்காகக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் எல்லோரும் சொந்த நாட்டின் தலைநகரிலே தாம் தங்கியிருப்பதற்குக் காரணம் காட்ட வேண்டியவராயினர். பஸ்களிற் பெரும்பாலானவை வவுனியாவை நோக்கிச் சென்றன. உத்தரவு உத்தர திசைக்குப் போயிற்று!

அது எவருடைய உத்தரவு? எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் ஒரு குடிமகனை அவன் வாடகை கொடுத்துத் தங்கிய அறையிலிருந்து இழுத்து மாகாணம் கடத்தலாம்? மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மறுநாளே நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அதன் பின்னர் ஆட்சியாளர் நடந்துகொண்ட விதமே நாம் இங்கு எடுத்துரைக்க வேண்டியது. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். அப்போதைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்சவோ நடந்ததை வெளிப்படையாகவே நியாயப்படுத்தினார். ஒருவர் வருந்துகின்றார், ஒருவர் வாதாடுகின்றார். உத்தரவாதி யார் என்பதற்கு மட்டும் விடையில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிய 376 பேரும் அந்த விடையைப் பெறாமலே இருக்கின்றனர்.

“அது போர்க்காலம், போர்க்காலத்தில் இவ்வாறெல்லாம் நடக்கும்” என்று சிலர் எமக்கே சமாதானம் கூறுவர். அவர்களை 1961ஆம் ஆண்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். அப்பொழுது தமிழன் கையில் துப்பாக்கி இல்லை. அவ்வாண்டு பெப்ரவரியிலே யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகிகள் வெறுங்கையோடு அமர்ந்திருந்தனர். ஏப்ரிலிலே இராணுவம் வந்து அவர்களை அகற்றியது. அதே ஆண்டு டிசெம்பர் 4ஆம் நாள் திறைசேரியிலிருந்து 560ஆம் இலக்கச் சுற்றுநிருபம் புறப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தர் சிங்கள மொழியிலே குறித்த தேர்ச்சியைக் காட்டவேண்டும், காட்டாதவர்க்குச் சம்பள உயர்வு இல்லை என்பது அதன் சாரம்.

கோடீஸ்வரன் என்னும் தமிழ் எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962 ஏப்ரிலில் அவருக்குச் சேரவேண்டிய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. சுற்றுநிருபம் வந்து சில மாதங்களிலேயே தண்டனை வந்துவிட்டது. வேகமாக இயங்கத் தெரியாத அரசாங்கம் என்று இவர்களைக் குறைகூறுவோர் இதனைக் கவனிப்பாராக.

அவர் ஏனையோரைப் போல் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பவில்லை. இந்த உத்தரவுக்கு ஆதாரம் யாது என்று கேட்டுக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திலே வழக்கு வைத்தார். எழுதுவினைஞர் ஒருவரின் சில ரூபா சம்பள உயர்வுக்காக எழுந்த அவ்வழக்கு, தனிச்சிங்களச் சட்டத்தின் அடிவேரிலே கைவைத்தது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஓரினத்தவர்க்கோ மதத்தவர்க்கோ மட்டும் பாதகத்தை விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது எனத் தடுத்திருந்தது. அவ்வாறாயின் 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க உத்தியோக மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா? அது செல்லாதாயின் அதன்மேற் கட்டப்பட்ட சுற்றுநிருபம் என்னாவது? 1964இலே மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர், சட்டம் செல்லாது, சுற்றுநிருபமும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அவர் தமிழரல்லர் என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும்.

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967இலே உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மொழிச் சட்டம் செல்லுபடியாகும் என்று கூறியா? இல்லை. அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று கூறி. கேள்விக்கு விடை சொல்லாது, கேட்பதற்கே உனக்கு உரிமை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கோடீஸ்வரன் இங்கிலாந்தின் கோமறைக் கழகம் வரை சென்றார். 1969 டிசெம்பரிலே அக்கழகம் அவருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டென்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்னும் வினாவை இலங்கை உயர் நீதிமன்றமே விசாரித்துச் சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பியது.

திருப்பி அனுப்பிய வினாவுக்கு விடை வந்ததா? 1971இலே கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆம் நாள் குடியரசு அரசியலமைப்பு வந்தது. 29ஆம் பிரிவும் போயிற்று. வினாத்தாளையே எரித்துவிட்டார்கள். நீதிமன்றப் படியிலே பத்தாண்டு நின்று ஒரு தமிழன் கேட்ட கேள்விக்கு இந்நாடு இன்றுவரை விடையிறுக்கவில்லை. மேலிடத்து உத்தரவு என்பதன் முழு இலக்கணத்தையும் அறிய விரும்புவோர் இந்த ஒரு வழக்கைப் படித்தாற் போதும்.

இதற்கு மாறாக, தமிழருக்கு ஏதேனும் தருவதாயின் உத்தரவு எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதையும் பாருங்கள். 1958ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், வடக்குக் கிழக்கு மாகாணங்களிலே ‘விதிக்கப்படும்’ நிருவாகக் கருமங்களுக்குத் தமிழைப் பயன்படுத்தலாம் என்றது. விதிப்பது எப்படி? ஒழுங்குவிதிகளால். ஒழுங்குவிதிகள் எங்கே? அவை பாராளுமன்றத்துக்கு வந்தது 1966 சனவரியில். ஏழாண்டுக்கு மேலாக அந்தச் சட்டம், விதிக்கப்படும் என்னும் ஒரு சொல்லிலே தொங்கிக்கொண்டிருந்தது. வந்த அன்றும் கொழும்பிலே ஆர்ப்பாட்டம், துப்பாக்கிச் சூடு, அவசரகால நிலை. பின்னரும் அவை பெரிதும் ஏட்டளவிலேயே கிடந்தன. தமிழனின் சம்பளத்தை நிறுத்தத் திறைசேரியின் ஒரு கடதாசி போதும். தமிழனுக்குத் தமிழிற் கடிதம் எழுதச் சட்டம் வேண்டும், சட்டத்தின்கீழ் ஒழுங்குவிதி வேண்டும், ஒழுங்குவிதிக்குப் பின் மனமும் வேண்டும்.

பழங்கதை பேசுகின்றோம் என்பீர்களா? இன்னும் பழைய கதை ஒன்றையும் சொல்லிவிட்டு நிகழ்காலத்துக்கு வருகின்றோம். 1706ஆம் ஆண்டிலே ஒல்லாந்த தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சீமொன்ஸ் யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களைத் திரட்டுமாறு பணித்தார். கிளாஸ் இசாக்ஸ் என்னும் அதிகாரி திரட்டினார். 1707இலே அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்து, சரியென்று ஒப்பிய பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை எழுதும்போது சட்டத்தரணிகள் பார்க்கின்ற தேசவழமை அதுவே. கடல் கடந்து வந்து புகையிலையிலும் யானையிலும் வரி பிழிந்த அந்நியன் ஒல்லாந்தன். அவனைப் புகழ எமக்கு யாதொரு காரணமும் இல்லை. ஆயினும் அவனுக்கு ஒன்று தெரிந்திருந்தது: எவனை ஆள்கின்றாயோ அவன் மொழியிலே எழுதி, எழுதியது சரியா என்று அவனையே கேட்க வேண்டும் என்பது.

இப்பொழுது எமக்கு உரிமை ஏட்டில் இல்லையென்று எவரும் கூறமுடியாது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் உத்தியோக மொழியாகும் என்றது. 1988இன் 16ஆவது திருத்தம் சிங்களமும் தமிழும் நாடெங்கும் நிருவாக மொழிகள் என்றது. வடக்குக் கிழக்கிலே நிருவாகப் பதிவேடுகள் தமிழிலே பேணப்படுதல் வேண்டும். ஏனைய மாகாணங்களிலும் தமிழர் ஒருவர் தமிழிலே எழுதலாம். தமிழிலே மறுமொழி பெறலாம். ஆகவே வெள்ளவத்தையில் வாழ்வோருக்கும் கொட்டாஞ்சேனையில் வாழ்வோருக்கும் இது சலுகையன்று, நாட்டின் அதியுயர் சட்டம் கொடுத்த உரிமை. சட்டங்கள், கட்டளைகள், பிரகடனங்கள், ஒழுங்குவிதிகள், வர்த்தமானி ஆகிய யாவும் தமிழிலும் வெளிவருதல் வேண்டும். பொது நிறுவனங்களின் சுற்றுநிருபங்களையும் படிவங்களையும் கூட அரசியலமைப்பு விட்டுவைக்கவில்லை. அவ்வப் பிரதேசத்தின் நிருவாக மொழியிலே அவை இருத்தல் வேண்டும் என்று 23ஆவது உறுப்புரை கூறுகின்றது. 1991இலே அரசகரும மொழிகள் ஆணைக்குழுவையும் அமைத்தார்கள். 2007ஆம் ஆண்டின் 07ஆம் இலக்கச் சுற்றுநிருபம், அவ்வாண்டு யூலை முதல் சேவையிற் சேர்வோர் மற்ற உத்தியோக மொழியில் ஐந்தாண்டுக்குள் தேர்ச்சி பெறவேண்டும் என்றது. 560ஆம் இலக்கம் தமிழன்மேல் வந்து விழுந்த வேகத்தில் இந்த 07ஆம் இலக்கம் எவர்மேலேனும் விழுந்ததா என்பதைக் கந்தோருக்குப் போய்வரும் வாசகரே சொல்லட்டும்.

இவ்வளவு இருந்தும், எந்தச் சட்டத்தை வேண்டுமானாலும் எடுத்து அதன் கடைசிப் பிரிவைப் பாருங்கள். சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு தோன்றின் சிங்கள உரையே மேலோங்கும் என்று அங்கே எழுதியிருக்கும். எந்த உரை மேலோங்கும் என்பதை ஒவ்வொரு சட்டத்திலும் பாராளுமன்றம் தீர்மானிக்கலாம் என்பதே அரசியலமைப்பின் ஏற்பாடு. சிங்களமே மேலோங்கவேண்டும் என்று அரசியலமைப்பு கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பாராளுமன்றம் வழக்கமாகவே ஒரு பக்கந்தான் தீர்மானிக்கின்றது. அப்பிரிவு சபைக்கு வரும்போது எமது பிரதிநிதிகள் எழுந்து இந்தச் சட்டத்துக்கேனும் தமிழ் உரை மேலோங்கட்டும் என்று ஒருமுறை திருத்தம் கொண்டுவந்தால் என்ன? தோற்கும். தோற்றால் தோற்கட்டும். ஏன் என்று ஓர் அமைச்சர் எழுந்து சொல்ல நேரிடுமன்றோ?

கமக்காரருக்கு ஒரு சொல். 2025 மார்ச்சு 28ஆம் நாளிட்ட 2430ஆம் இலக்க வர்த்தமானி உங்களில் எத்தனை பேர் கையிற் கிட்டியது? காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ், வட மாகாணத்திலே ஏறத்தாழ 5,900 ஏக்கர் நிலத்துக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோருமாறு அதிலே அறிவித்திருந்தார்கள். கோரப்படாதவை அரச காணியாகும் நிலை. அது ஒரு கட்டளையாகவோ உத்தரவாகவோ வரவில்லை. அறிவித்தல் என்றே இருந்தது. அறிவித்தல்! முப்பதாண்டுப் போரிலே உறுதி எரிந்தவன் எத்தனை பேர், இடம்பெயர்ந்து உறுதியைத் தொலைத்தவன் எத்தனை பேர், கடல் கடந்து போனவன் எத்தனை பேர்! தோம்பையும் உறுதியையும் மூன்று மாதத்துக்குள் தேடி எடுத்து வா என்பது அறிவித்தலா, கட்டளையா? நல்ல வேளையாக வழக்குத் தொடுக்கப்பட்டது, 2025 யூனிலே உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது, அரசாங்கமும் பின்வாங்கியது. மிருதுவான சொல்லிலே வருவதைத்தான் இருமுறை படிக்கவேண்டும். கட்டளை என்று வருவது உங்களை எழுப்பிவிடும். அறிவித்தல் என்று வருவது நீங்கள் உறங்கும்போது வயலுக்குள் இறங்கும்.

விடையில்லாத உத்தரவு தமிழரை மட்டும் வருத்துவது என்று நாம் சொல்லவரவில்லை. 2020 ஏப்ரிலிலே கொரோனாவால் இறந்தோரை எரித்தே தீரவேண்டும் என்று ஒழுங்குவிதி செய்தார்கள். அடக்கம் செய்தலை மார்க்கக் கடமையாகக் கொண்ட முஸ்லிம் சகோதரர் எத்தனையோ முறை காரணம் கேட்டனர். 2021 பெப்ரவரி வரை அது நீங்கவில்லை. 2024இலே மன்னிப்புக் கேட்டார்கள். 2021 மே 6ஆம் நாள் ஒரு வர்த்தமானி இரசாயன உரத்தின் இறக்குமதியைத் தடைசெய்தது. பொலன்னறுவைச் சிங்களக் கமக்காரனும் கிளிநொச்சித் தமிழ்க் கமக்காரனும் ஒரே வேளையில் வெறுங்கையோடு வரம்பிலே நின்றார்கள். ஏன் இந்த அவசரம், எவர் சொன்ன ஆலோசனை என்று இருவரும் அவரவர் மொழியிற் கேட்டனர். அந்த ஒரு தடவை சிங்களவனுக்கும் உத்தரய கிடைக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீங்கியது. பாழான போகம் பாழானதே.

எங்கள் பக்கத்துப் பிழையையும் மூடிவைத்தல் நேர்மையாகாது. வடக்கிலே கந்தோர் நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் தமிழரே. அவர்களிற் சிலரும் மேசைக்கு அப்பாலிருந்து “மேலிடத்து உத்தரவு” என்றே சொல்லுகின்றனர். கொழும்பிலிருந்து சிங்களத்திலே வந்த கடதாசியைத் தமிழிலே அனுப்பு என்று திருப்பி எழுதினால் மேலதிகாரி முகஞ்சுளிப்பார் என்று அஞ்சி, அரைகுறையாக விளங்கிக்கொண்டு, விளங்கிய அரைகுறையை உத்தரவு என்று ஏழைக் கமக்காரன் தலையிற் கட்டுகின்றனர். கோடீஸ்வரன் இழக்கத் துணிந்தது சம்பள உயர்வை. இவர்கள் இழக்க அஞ்சுவது ஒரு முகமலர்ச்சியை!

ஒவ்வோர் உத்தரவையும் குடிமக்கள் விவாதிக்கத் தொடங்கினால் நிருவாகம் நடப்பது எவ்வாறு என்று சில பெரியோர் கேட்பர். விவாதிக்கச் சொல்லவில்லை. இலக்கம் என்ன, திகதி என்ன, எந்தச் சட்டத்தின்கீழ், தமிழ்ப் பிரதி எங்கே? இந்த நான்கையும் கேட்கச் சொல்லுகின்றோம். இவற்றைச் சொல்லமுடியாத ஒன்று உத்தரவன்று, வெறும் அதட்டல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. தமிழிலே எழுதிக் கேட்கலாம். பதினான்கு வேலைநாளுக்குள் தருவோம் அல்லது தரமாட்டோம் என்று அவர்கள் தீர்மானித்துச் சொல்லவேண்டும். ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுத்த அதிகாரி, அவர் கேட்குமிடத்து அதற்குரிய காரணத்தை வெளியிடவேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கின்றது. உத்தரவு என்னும் சொல்லுக்கு அதன் பழைய பொருளை ஒரு சட்டம் மீட்டுத் தந்திருக்கின்றது என்றே நாம் இதனைக் கருதுகின்றோம். எமது புலவர்கள் செய்யாததை நாடாளுமன்றம் செய்தது ஒரு புதுமையே!

வெள்ளவத்தையில் வாழும் எமது வாசகர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சென்ற மாதம் எமது பணிமனைக்கு வந்தார். அவர் செய்த விண்ணப்பம் ஒன்று மூன்று வரியில் மறுக்கப்பட்டிருந்தது. மூன்று வரியும் சிங்களம். அயல்வீட்டுச் சிங்களப் பெரியவரிடம் காட்டி வாசிப்பித்திருக்கின்றார். வாசித்தவர் தாம் எழுதாத கடிதத்துக்காகத் தாம் வெட்கப்பட்டு, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து அனுப்பினாராம். கடிதத்தில் இருந்தது ஒரு சுற்றுநிருபத்தின் இலக்கமும் முடியாது என்பதுமே. அச்சுற்றுநிருபத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று தருக என்று ஆசிரியர் தமிழிலே எழுதினார். நடைமுறையிலுள்ள உத்தரவுகளின்படியே முடிவு செய்யப்பட்டது என்று மீண்டும் மறுமொழி வந்தது. மீண்டும் சிங்களத்திலே.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்றாவது கடிதத்தை எழுத நாம் உதவினோம். நல்ல தமிழிலே, நல்ல கையெழுத்திலே, தம் மாணவருக்கு எழுதுவதுபோல அவர் அதனை எழுதினார். பதிவுத் தபாலில் அனுப்பிய சிட்டை அவரிடம் இருக்கின்றது. பதினான்கு வேலைநாள் வருகின்ற செவ்வாய்க்கிழமையோடு முடிகின்றது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் அக்கந்தோருக்குச் செல்வார். நாமும் உடன் செல்வோம்.